தகனம் என்றால் உள்ளே என்ன நடக்கிறது? ஊர்ச் சுடுகாட்டிலிருந்து எரிவாயு மேடை வரை

சித்தப்பா இறந்தபோது ராத்திரி பதினொரு மணி. ஐஸ் பெட்டி வந்தாயிற்று, பந்தல்காரருக்குச் சொல்லியாயிற்று, உறவுக்காரர்களுக்குப் போன் போட்டு முடித்தாயிற்று. அப்புறம்தான் திண்ணையில் அந்தப் பேச்சு தொடங்கியது. "மின் மயானத்துக்கே கொண்டுபோயிடலாம்" என்றான் சித்தப்பாவின் மூத்த மகன். பெரியப்பாவுக்குச் சுருக்கென்றது. "அங்க கரண்டு வெச்சுப் பொசுக்கிடுவாங்க. அப்புறம் யாரோட சாம்பலைக் கொடுக்கிறாங்கன்னு யாருக்குத் தெரியும்?" மாமா ஒருவர், "உள்ள போனா பிணம் எழுந்து உட்காருமாமே" என்று தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். இன்னொருவருக்கு, எரிப்பதே வேண்டாம், அவர்கள் பக்கம் புதைப்பதுதான் வழக்கம்.

அங்கே இருந்த ஏழெட்டுப் பேரில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தவர் யாரும் இல்லை. நானும் பார்த்ததில்லை. ஆனால் விடிவதற்குள் முடிவு எடுத்தாக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான், வாழ்க்கையில் ஒருமுறை எடுக்கும் முடிவைக் கேள்விப்பட்டதை வைத்து எடுக்கிறோம். கடைசியில் சித்தப்பாவை மின் மயானத்துக்கே கொண்டுபோனோம். காரியம் எல்லாம் முடிந்த பிறகு தகன மேடையில் வேலை பார்ப்பவரிடம் உட்கார்ந்து பேசினேன், கொஞ்சம் படித்தேன். புரிந்ததைச் சொல்கிறேன்.

மின் மயானத்தில் மின்சாரம் எங்கே?

முதலில் பெயரைச் சரிசெய்துவிடலாம். நாம் "மின் மயானம்" என்று சொல்கிற இடங்களில் பலவற்றில் இன்று உடலை எரிப்பது மின்சாரம் இல்லை, எரிவாயு. வீட்டுச் சமையலுக்கு வருகிற அதே எல்பிஜி, பெரிய சிலிண்டர்களில் வருகிறது. சில ஊர்களில் விறகைக் குறைந்த காற்றில் புழுங்கவிட்டு, அதிலிருந்து வருகிற வாயுவைக் குழாயில் கொண்டுவந்து எரிக்கும் ஏற்பாடும் உண்டு. மின்சாரத்துக்கு அங்கே காற்று ஊதும் விசிறியை ஓட்டுவது, கதவைத் தூக்குவது மாதிரியான வேலைகள்தான். முன்பு மின்சாரத்தில் ஓடிய பல மேடைகள் எரிவாயுவுக்கு மாறின, பழைய பெயர் மட்டும் வாயில் ஒட்டிக்கொண்டது.

சரி, உண்மையான மின்தகன மேடையில் "கரண்டு வைத்து" எரிக்கிறார்களா? அதுவும் இல்லை. இஸ்திரிப் பெட்டிக்குள் கம்பிச்சுருள் பழுத்துச் சூடாகிறதே, அதே மாதிரி சுவர்களில் பதித்த பெரிய கம்பிச்சுருள்கள் அறையைச் சூடாக்குகின்றன. மின்சாரம் உடலைத் தொடுவதே இல்லை. ஆக, பெரியப்பா பயந்த காட்சி எந்த ஊர் மயானத்திலும் நடப்பதில்லை.

ஈர விறகும் மூன்று குடம் தண்ணீரும்

மழைக்காலத்தில் ஈர விறகை அடுப்பில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நுனியில் நுரை தள்ளும், புகையும், கண் எரியும், தீ மட்டும் பிடிக்காது. உள்ளே இருக்கிற தண்ணீர் போகிறவரை அது விறகே இல்லை. மனித உடலும் அப்படித்தான். வளர்ந்த ஒருவரின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் தண்ணீர். அறுபது கிலோ எடையுள்ளவர் என்றால் 36 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட மூன்று குடம். அந்த மூன்று குடத்தையும் ஆவியாக்கிய பிறகுதான் மற்றது எரியும்.

தகனத்தின் சூட்சுமம் முழுக்க இதில் இருக்கிறது. வெறும் தீயைக் காட்டினால் போதாது. நிறையச் சூட்டை, வெளியே ஓடவிடாமல், வேண்டிய நேரம் பிடித்துவைக்க வேண்டும். திறந்த வெளியில் விறகு அடுக்கி எரிக்கும்போது சூட்டில் பெரும்பகுதி வானத்துக்குப் போய்விடுகிறது. வட இந்தியாவில் நதிக்கரைகளில் செய்கிற திறந்த சிதைக்கு ஓர் உடலுக்கு 400 கிலோவுக்கு மேல் விறகு தேவைப்படுவதற்குக் காரணம் அதுதான். மூன்று கல் அடுப்பில் சோறு வடிப்பதற்கும், மூடிய மண் அடுப்பில் வடிப்பதற்கும் விறகில் எவ்வளவு வித்தியாசம் என்று பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

நம்ம ஊர்ச் சுடுகாடு ஒரு சூளைதான்

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் ஊர்ச் சுடுகாட்டில் சின்ன வயதில் பார்த்தது எனக்கு விளங்கியது. கீழே விறகு அடுக்கி, உடலை வைத்து, மேலே வரட்டியை ஓடு வேய்வது மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அதன்மேல் வைக்கோல். அதற்கும் மேலே குளத்து மண்ணைக் குழைத்து வழவழவென்று பூசிவிடுவார் அந்த வேலை செய்பவர். முகம் மட்டும் கடைசி வரை திறந்திருக்கும். அங்கங்கே விரலால் துளை போடுவார். ஏன் துளை என்று கேட்டதற்கு, "மூச்சு விடணும்ல" என்றார். யார் மூச்சு விடணும் என்று புரியாமல் அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

மூச்சு விட வேண்டியது நெருப்பு. பூசிய மண் சூட்டை உள்ளே பிடித்துவைக்கிறது, துளை வேண்டிய அளவு காற்றை விடுகிறது. சாயங்காலம் வைத்த தீ கொழுந்து விடாமல் கனன்று கனன்று விடிவதற்குள் வேலையை முடித்துவிடும். குயவர் சூளையும் செங்கல் சூளையும் இதே கணக்குத்தான். திறந்த சிதையை விட விறகும் குறைவு.

எரிவாயு மேடையும் இதேதான். குழைத்த மண்ணுக்குப் பதிலாக, பெரும் சூட்டைத் தாங்கும் தீச்செங்கல்லால் கட்டிய நிரந்தர அறை. விரலால் போட்ட துளைக்குப் பதில் காற்று ஊதும் விசிறி. வரட்டிக்குப் பதில் வாயு. ராத்திரி முழுக்க ஆகிற வேலை ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் முடிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பாரம்பரியம் ஒரு பக்கம், இயந்திரம் ஒரு பக்கம் என்று நாம் போடுகிற சண்டை மண் பூசிய அந்த மனிதருக்குச் சிரிப்பைத்தான் வரவழைக்கும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: உடலை எரிப்பது பிடித்துவைத்த சூடு. ஊர் முறை, மின்சாரம், எரிவாயு மூன்றும் அந்தச் சூட்டை உண்டாக்கும் வெவ்வேறு வழிகள்.

கதவு மூடிய பிறகு

தகன அறை என்பது ஒரே ஓர் உடல் நீட்டிப் படுக்கும் அளவுள்ள செங்கல் அறை. முன்கூட்டியே அதைப் பழுக்கச் சூடாக்கி வைப்பார்கள். உடலைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே விட்டதும் கதவு இறங்கிவிடும். உள்ளே சூடு 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை போகும். கேக் சுடுகிற அடுப்பு 180 டிகிரி என்றால் அளவு புரியும்.

முதல் கட்டத்தில் தண்ணீர் ஆவியாகிறது. இதற்குத்தான் சூடு அதிகம் செலவாகிறது. ஐஸ் பெட்டியில் நெடுநேரம் இருந்த உடல் என்றால் இன்னும் கொஞ்சம் கூட ஆகும். அடுத்து சதையும் கொழுப்பும் எரியும். கொழுப்பு நன்றாக எரிகிற பொருள், அதனால் இந்த நேரத்தில் உடலே சூடு கொடுக்க ஆரம்பிக்கும். வேலை தெரிந்தவர் இங்கே வாயுவைக் குறைத்துவிடுவார்.

மாமா சொன்ன கதைக்கு விதை இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. சூடு பட்டால் தசை சுருங்கும், வாணலியில் கறித்துண்டு சுருளுவதைப் போல. கையை மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளை விட வலுவானவை. அதனால் முழங்கை மடங்கி, கை மேலே எழும்பி, குத்துச்சண்டைக்காரர் நிற்பதுபோல ஒரு நிலை வரும். காலும் கொஞ்சம் மடங்கும். திறந்த சிதையில் யாரோ இதைப் பார்த்திருப்பார்கள், அது பேச்சுவாக்கில் "எழுந்து உட்கார்ந்துவிட்டது" என்று ஆகியிருக்கும். உயிரும் இல்லை, வலியும் இல்லை.

நல்ல மேடைகளில் புகை நேரே வெளியே போகாது. இரண்டாவது ஓர் அறை வழியாகப் போய், அங்கே மறுபடி எரிந்து, பிறகு உயரமான புகைபோக்கியில் ஏறும். நெகிழித் தாள், நைலான் சேலை, செருப்பு, மெத்தை எல்லாம் உள்ளே விடாதீர்கள் என்று ஊழியர்கள் மல்லுக்கட்டுவது இந்தப் புகைக்காகத்தான். மாலைகளைக்கூட எடுத்துவிடச் சொல்வார்கள்.

சாம்பல் என்கிறோமே, அது சாம்பலா?

கடைசிக் கட்டம் எலும்பு. எனக்கு மிகவும் வியப்பாக இருந்த பகுதி இதுதான், கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

சுண்ணாம்புக் காளவாயில் கிளிஞ்சலைச் சுடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கெட்டியான கிளிஞ்சல் உள்ளே போகும். வெளியே வரும்போது அதே வடிவத்தில் இருக்கும், ஆனால் வெளுத்து, விரலால் நசுக்கினால் பொடியாகிற பதத்தில். எலும்புக்கும் சூட்டில் கிட்டத்தட்ட இதுதான் நேர்கிறது, வேதியியல் மட்டும் வேறு. எலும்பில் இரண்டு பொருள் பின்னிக் கிடக்கிறது. ஒன்று கொலாஜன், கயிறு மாதிரி வளைந்துகொடுக்கிற புரதம். இன்னொன்று கால்சியம் பாஸ்பேட், கல் மாதிரிக் கெட்டியான தாது. சூட்டில் கொலாஜன் எரிந்து போய்விடும். தாது எரியாது, அப்படியே மிஞ்சும். கயிறு போன பிறகு கல் மட்டும் நிற்கிறது, தொட்டால் உதிர்கிறது.

சூடு எந்த அளவுக்குப் போனது என்பதை அந்தத் துண்டின் நிறமே சொல்லும். கறுப்பாக இருந்தால் கொலாஜன் கரியாகி உள்ளேயே தங்கியிருக்கிறது. சாம்பல் நிறம் பாதி வழி. வெள்ளை வெளேரென்று இருந்தால் முழுதாக முடிந்தது. சித்தப்பாவின் மண்கலயத்தில் இருந்தவை வெண்மையாக, சிறு சங்குத் துண்டுகள் மாதிரி இருந்தன. கையில் எடுத்தபோது எடையே இல்லை.

ஆகவே எரிவாயு மேடையில் தருவது சாம்பல் இல்லை. அங்கே விறகே இல்லாதபோது சாம்பல் எப்படி வரும்? அது எலும்பின் தாது. அஸ்தி என்ற சொல்லுக்கே எலும்பு என்றுதான் பொருள், சொல் சரியாகத்தான் இருந்தது, நாம்தான் குழப்பிக்கொண்டோம். ஊர்ச் சுடுகாட்டில் வரட்டிச் சாம்பலுக்குள் எலும்பு கிடப்பதால் இரண்டும் ஒன்று என்று தோன்றிவிட்டது. மேலைநாடுகளில் இந்தத் துண்டுகளை அரவை இயந்திரத்தில் போட்டு மாவாக்கித் தருவார்கள். ஆங்கிலப் படங்களில் குடுவையிலிருந்து பொடி பறக்கிறதே, அது அரைத்த எலும்பு. ஜப்பானில் இறந்தவர்களை ஏறக்குறைய எல்லோருமே தகனம்தான் செய்கிறார்கள். அங்கே அரைப்பதில்லை, குடும்பத்தார் குச்சிகளால் எலும்பை எடுத்துக் கலயத்தில் இடுவார்கள். நம் ஊரில் மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்குவதற்கு இவ்வளவு தொலைவில் ஒரு சொந்தம்.

மிஞ்சுவது மொத்தம் இரண்டு மூன்று கிலோ. குண்டாக இருந்தவருக்கு அதிகம் வரும் என்று நினைப்போம். அப்படி இல்லை. கொழுப்பு எரிந்து போகிறது, எலும்பின் அளவுதான் கணக்கு. உயரமானவருக்கு அதிகம், எலும்பு தேய்ந்த முதியவருக்குக் குறைவு. பச்சைக் குழந்தைகளின் எலும்பு சிறியது, அதில் தாதும் அதிகம் சேர்ந்திருக்காது, அதனால் மிஞ்சுவது மிகமிகக் கொஞ்சம். மேடையில் நமக்குக் கலயத்தில் தருவது பெரும்பாலும் ஒரு பகுதிதான். முழுதும் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

"யாருடையதைக் கொடுக்கிறார்களோ?"

நியாயமான கேள்வி. ஒரு நேரத்தில் ஒரு உடல்தான் உள்ளே போகும், அறையின் அளவே அப்படி. முடிந்ததும் எலும்பைத் தட்டில் வழித்தெடுத்து ஆறவிடுவார்கள். செங்கல் இடுக்கில் முந்தைய தகனத்தின் துகள் ஒன்றிரண்டு தங்கியிருக்கலாம், அதை யாராலும் தடுக்க முடியாது, ஊர்ச் சுடுகாட்டிலும் அதே மண்மேல்தான் அடுத்தவரை எரிக்கிறார்கள். உண்மையில் குழப்பம் வரக்கூடிய இடம் உலை இல்லை, தட்டு. ஆறவைத்த தட்டுகள் வரிசையாக இருக்கும்போது சீட்டு இடம் மாறினால் கலயமும் மாறும். எங்களுக்கு டோக்கன் கொடுத்தார்கள். சித்தப்பா மகன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு தட்டு வருகிறவரை நகரவில்லை. தட்டு வருகிறவரை காத்திருக்க முடிந்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

சடங்குகள்?

பெரும்பாலும் ஒன்றும் குறையாது. வாய்க்கரிசி, குடம் உடைப்பது, நெய்ப்பந்தம் எல்லாம் மேடைக்கு முன்னாலேயே நடக்கும். கொள்ளிக்குப் பதில் நெஞ்சில் கற்பூரம் ஏற்றிவிட்டு உள்ளே அனுப்புவார்கள். மறுநாள் சுடுகாட்டுக்குப் போய்ப் பால் ஊற்றுவது மட்டும் மாறும், எலும்பு அன்றைக்கே கைக்கு வந்துவிடுவதால். சிலர் கலயத்துக்கே பால் தெளித்து, பவானி கூடுதுறையோ திருவரங்கம் அம்மா மண்டபமோ ராமேஸ்வரமோ கொண்டுபோய்விடுகிறார்கள். எங்கள் பெரியப்பாவுக்கு இதுதான் மனம் ஒப்பவில்லை. சொந்த மண்ணில் நவதானியம் தெளித்து, அது முளைத்து வருவதைப் பார்க்க வேண்டும் என்றார். அறிவியல் இதற்குப் பதில் சொல்லாது. அது அவர் பக்கத்து நியாயம், அதை மதித்துத்தான் ஆக வேண்டும்.

எரிப்பதும் புதைப்பதும்

"இந்து என்றால் எரிக்கத்தான் வேண்டும்" என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் புதைக்கும் வழக்கமுள்ள இந்துச் சமூகங்கள் ஏராளம். துறவிகளுக்குச் சமாதி வைக்கிறோம், குழந்தைகளைப் பெரும்பாலும் புதைக்கிறோம். மணிமேகலையில் சுடுவது, வெட்டவெளியில் இடுவது, குழி தோண்டிப் படுப்பது, கீழே அறையில் அடைப்பது, தாழியில் கவிப்பது என்று ஐந்து முறைகள் ஒரே சுடுகாட்டுக் கோட்டத்தில் நடப்பதாக வருகிறது. ஆதிச்சநல்லூர்த் தாழிகள் இன்னும் பழையவை. ராஜாஜியையும் காமராஜரையும் எரித்தோம், அண்ணாவையும் எம்ஜிஆரையும் புதைத்தோம்.

கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் தகனத்தை அனுமதித்தது. 2016-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல், அஸ்தியைக் காற்றிலோ கடலிலோ தூவாமல் புனித இடத்தில் வைக்கச் சொல்கிறது. இஸ்லாத்தில் அடக்கம்தான், தகனத்துக்கு இடமில்லை. இந்த வேறுபாட்டை அரசே மறந்தால் என்ன ஆகும் என்பதை இலங்கையில் பார்த்தோம். 2020-இல் கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரித்தாக வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி பரவும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தையும் அனுமதித்திருந்தது. முஸ்லிம் குடும்பங்களில் இறந்தவர்களையும் அவர்கள் விருப்பத்தை மீறி எரித்தார்கள். 2021 பிப்ரவரியில்தான் அது தளர்ந்தது, 2024-இல் அரசு மன்னிப்புக் கேட்டது. தகனம் ஒரு தேர்வு என்று சொல்வதற்கு, வேண்டாம் என்று சொல்லவும் இடம் இருக்க வேண்டும்.

தீ வைக்கும் முன்

தகனத்துக்கும் அடக்கத்துக்கும் நடைமுறையில் பெரிய வேறுபாடு ஒன்றுதான். புதைத்த உடலைச் சந்தேகம் வந்தால் தாசில்தார் முன்னிலையில் தோண்டி எடுக்கலாம், எரித்ததை முடியாது. விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் என்றால் பிரேதப் பரிசோதனை முடிந்து போலீஸ் கடிதம் வராமல் மேடையில் ஏற்றமாட்டார்கள் என்பது இதனால்தான். வீட்டில் இயற்கையாக இறந்தவருக்கு மருத்துவர் சான்று கேட்பார்கள். நடுராத்திரியில் அதற்கு அலைந்த கதை தனி.

நெஞ்சில் பேஸ்மேக்கர், அதாவது இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி, வைத்தவர் என்றால் அவசியம் சொல்லுங்கள். அதிலுள்ள மின்கலம் மூடிய டப்பா மாதிரி, இந்தச் சூட்டில் வெடிக்கும், உலைச் சுவரையும் அருகில் நிற்பவரையும் பதம் பார்க்கும். முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். முழங்காலில் வைத்த உலோக மூட்டு பிரச்சினையில்லை, உருகாமல் தட்டில் கிடக்கும். கண்தானம் செய்ய நினைத்தால் இறந்து 6 மணி நேரத்துக்குள் கூப்பிட வேண்டும், அரை மணி நேர வேலைதான், தகனத்துக்குத் தடையில்லை. உடல்தானம் என்றால் வீட்டார் செய்யும் தகனம் இருக்காது.

மேடையில் தரும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அப்போது அதைக் கேட்பார்கள். அந்த நாளில் எல்லோருடைய சட்டைப் பையும் ஈரமாக இருக்கும், எங்கள் ரசீது பாதி அழிந்துதான் வந்தது.

உங்கள் விருப்பத்தை உயிலில் எழுதி பீரோவில் பூட்டாதீர்கள். பதினாறாம் நாள் முடிந்து சொத்துப் பேச்சு வரும்போதுதான் அதைத் திறப்பார்கள். அரைத் தாளில் எழுதி ரேஷன் கார்டு இருக்கும் பையில் வைத்தாலே போதும், வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்தால் இன்னும் நல்லது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட வேகத்தில் அம்மாவிடம் ஒருநாள் கேட்டே விட்டேன், உனக்கு எது வேணும்மா என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. "எங்க வேணா வை. மத்தியானத்துக்குள்ள முடிச்சிடு. வந்தவங்க பசியோட நிப்பாங்க."